பால் காய்ச்சியாச்சு, இனி அது நம்ம வீடாக வேண்டாமா?

தை பிறந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் புது வீட்டைப் பற்றித்தான். நம் குமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. கேள்வி வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கிற ஆதங்கம் ஒன்றுதான்: கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, இத்தனை பாடுபட்டுக் கட்டிய வீடு பார்க்க நம்ம வீடு மாதிரி இல்லையே. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, நான் துபாயில் வேலை பார்க்கிறேன். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் விளையிலேயே (தோட்டத்திலேயே) 1,650 சதுர அடியில் வார்ப்பு வீடு கட்டுகிறோம், உள்பூச்சு இப்போதுதான் முடிந்தது. அடுத்த மாதம் 25 நாள் லீவில் வருகிறேன், அதற்குள் உள் அலங்காரம் எல்லாம் முடித்துப் பால் காய்ச்சிவிட வேண்டும். ஒரு இன்டீரியர் கம்பெனியில் 9 லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்து 3டி படமும் அனுப்பினார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் மனைவி "ஹோட்டல் ரூம் மாதிரி இருக்கு, நம்ம வீடு மாதிரி இல்ல" என்கிறாள். அம்மாவோ பழைய ஓட்டு வீட்டிலிருந்த பலாமரப் பெட்டி, ஊறுகாய்ப் பரணி, ஆட்டுரல் எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்க?
(மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: மனைவி சொல்வதைத்தான் முதலில் கேட்க வேண்டும் தம்பி. நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அந்த அடுக்களை மேடையில் ஒரு கண்ணாடிக் குடுவை, இரண்டு பச்சை ஆப்பிள், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் புட்டுக்குடம் எங்கே இருக்கும், மீன் வெட்டுவது எங்கே, அம்மா உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தோல் உரிப்பது எங்கே, ஆடி மழையில் நனைந்து வருகிறவர் சொட்டச் சொட்டக் குடையை எங்கே வைப்பார், இதில் ஒன்றுக்குமே அந்தப் படத்தில் இடம் இல்லை. படம் போட்டவரைக் குறை சொல்லவில்லை, அவரிடம் இதையெல்லாம் யாரும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள், மனைவி, அம்மா மூன்று பேரும் காலையில் எழுந்தது முதல் இரவு விளக்கை அணைப்பது வரை வீட்டில் எந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று தனித்தனியாக ஒரு தாளில் எழுதுங்கள், பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனியாரிடம் மறுபடி பேசுங்கள். உங்கள் ஸ்டைல் என்பது அந்தத் தாளில்தான் இருக்கிறது.

அடுத்தது அந்த 25 நாள். இது முடியாது, ஆசைப்படவும் வேண்டாம். சிமென்ட் பூச்சு வெளியே பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். தண்ணீர் தெளித்து நனைத்து முடித்த பிறகு குறைந்தது நாலு வாரம் காய விட்டுத்தான் பட்டி, பிரைமர் என்று போக வேண்டும், மழைக்காலம் என்றால் அதற்கும் மேல். நம் மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமும் மழை தருகிறது, விளை செழிப்பாக இருக்க அதுதான் காரணம், ஆனால் சுவர் நன்றாகக் காய்வதற்குக் கிடைக்கிற நாள் அதனாலேயே குறைவு. ஈரம் போகாத சுவரில் வால்பேப்பர் ஒட்டினாலோ, சுவரோடு சேர்த்துப் பிளைவுட் அடித்தாலோ பின்னால் பூசணம் பிடிக்கும், வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் நாகர்கோவிலில் வீடு கட்டியபோது பால் காய்ச்சுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று ஒப்பந்தக்காரர் பூச்சு முடிந்த பத்தாம் நாளே பட்டி பார்த்து வர்ணமும் அடித்துவிட்டார். வந்தவர்கள் எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் படுக்கை அறைச் சுவரில் முதலில் ஒரு கொப்புளம், அப்புறம் நாலைந்து, விரல் நகம் பட்டாலே அப்பளம் மாதிரி துண்டு துண்டாக உரிந்து கட்டில் மேல் விழுந்தது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காய விட்டு மறுபடி அடித்தோம். அந்தச் செலவை விட, புது வீட்டில் ஆறு மாதம் பொடியைப் பெருக்கிக்கொண்டே இருந்ததுதான் இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

அதனால் இப்போதைக்குப் பால் காய்ச்சப் போதுமான வேலையை மட்டும் முடியுங்கள். கதவு, ஜன்னல், வயரிங், தண்ணீர், அடுக்களை மேடை, ஃபேன், ஆளுக்கொரு அலமாரி. சுவருக்குப் பிரைமர் ஒரு கோட் போதும், அதுவும் காய்ந்திருந்தால்தான். சுவிட்ச் பாயின்ட்டுகளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், பின்னால் சுவரை வெட்டுவது பெரிய தொல்லை. ஃபால்ஸ் சீலிங், டிவி யூனிட், தடுப்பு, வால்பேப்பர் எல்லாவற்றையும் அடுத்த லீவுக்குத் தள்ளி வையுங்கள். ஒரு மழையும் ஒரு வெயிலும் அந்த வீட்டில் இருந்து பார்த்தால் எந்த ஜன்னலில் சாரல் அடிக்கிறது, எந்த மூலையில் எல்லாரும் தானாகக் கூடி உட்காருகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். டிவியே அந்தப் பக்கம் வேண்டாம் என்று தோன்றினாலும் தோன்றும். ஃபால்ஸ் சீலிங் பற்றி என் கருத்தையும் கேட்டால், பத்தடி உயரம் உள்ள ஹாலில் அரை அடியைக் கீழே இறக்கி, ஃபேனையும் இறக்கி, மழைக்காலப் புழுக்கத்தில் உட்காருவதற்கு அந்தப் பணத்தை ஜன்னலுக்குச் செலவழிக்கலாம்.

அம்மாவின் பொருட்கள். எல்லாவற்றையும் கொண்டுவந்தால் வீடு பொருட்காட்சி மாதிரி ஆகிவிடும், எதையுமே கொண்டுவராவிட்டால் அம்மாவுக்கு அந்த வீட்டில் பிடிமானமே இருக்காது. நான் சொல்வது, வேலை இருக்கிற பொருள் மட்டும் உள்ளே வரட்டும். பலாமரப் பெட்டியை நிழலில் நாலு நாள் காய வையுங்கள், அடிப்பலகையைத் திருப்பிப் பார்த்துச் செல்லரித்திருந்தால் ஆசாரியை வைத்து அந்தப் பலகையை மட்டும் மாற்றுங்கள், பளபளவென்று வார்னிஷ் அடிக்க விடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும். பலா புதிதில் மஞ்சளாக இருந்து வயது ஏற ஏறத் தேன் நிறமாகும், உங்கள் பெட்டியின் நிறம் வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது. நாலு மூலைக்கும் இரண்டு அங்குலக் கட்டை கொடுத்துத் தரையிலிருந்து உயர்த்தி ஹாலில் ஜன்னல் ஓரமாகப் போடுங்கள், உள்ளே போர்வை தலையணை வைக்கலாம், மேலே உட்காரலாம். பரணியை வாசலில் வைத்துக் குடை சொருகுகிற ஃபேஷன் ஒன்று இப்போது இருக்கிறது. உங்கள் அம்மா உப்புமாங்காய் போட்ட பரணி அது, அதில் உப்புமாங்காயே இருக்கட்டும். ஆட்டுரலை வேலைக்கூடத்திலோ கிணற்றடியிலோ போட்டால் அதற்கும் வேலை இருக்கும்.

கேள்வி: முட்டம் பக்கத்தில் கடலைப் பார்த்து வீடு. ஒரு வருஷம் ஆகவில்லை, ஜன்னல் கம்பி, கைப்பிடி, ஹாலில் மாட்டிய இரும்பு விளக்கு எல்லாம் துருப்பிடித்துவிட்டது. பித்தளைக் குத்துவிளக்கு கறுத்தே போய்விட்டது. கடல் பக்கம் இருப்பவர்கள் வீட்டை அலங்காரமாக வைக்கவே முடியாதா?

பதில்: முடியும், ஆனால் உப்புக்காற்றுக்கு ஒத்துப்போகிற பொருளாகப் பார்த்து வாங்க வேண்டும். இரும்பில் எவ்வளவு அழகான வேலைப்பாடு இருந்தாலும் வேண்டாம். எவர்சில்வரில் 304 என்ற தரம் கடையில் கிடைக்கும், கடலோரத்தில் அதிலும் புள்ளி புள்ளியாகத் துரு வரும். படிக்கட்டுக் கைப்பிடி, வெளிக் கம்பி இதற்கெல்லாம் 316 தரம் கேட்டு வாங்குங்கள், அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடுதல்தான். ஜன்னலுக்கு மரம் அல்லது யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக். உள்ளே அலமாரி செய்வதானால் பிளைவுட்டில் ஈரம் தாங்கும் தரத்துக்கான ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பலகையைத் திருப்பிப் பாருங்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஈரம் பட்டால் பொரித்த அப்பளம் போல ஊதிவிடும்.

குத்துவிளக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். புளியும் சாம்பலும் போட்டு வெள்ளிக்கிழமை தேய்த்தால் அது விளக்கு, தேய்க்க நேரமில்லாதவர்கள் பித்தளையைக் குறைத்துக்கொள்வது நல்லது. கடலோர வீட்டுக்குக் கல், மண், மரம், பருத்தித் துணி நாலும் போதும். மயிலாடியில் கல் வேலை செய்கிறவர்களிடம் ஒரு சின்னக் கல்விளக்கோ, தண்ணீர் வைத்துப் பூப்போடக் கல்தொட்டியோ சொல்லிச் செய்து வாங்குங்கள், உப்புக்காற்று அதை ஒன்றும் செய்யாது. தோவாளைச் சந்தைப் பூவைக் கையளவு அந்தத் தொட்டியில் போட்டால் வேறு அலங்காரமே வேண்டாம்.

கேள்வி: எங்களுக்கு நாகர்கோவிலில் 1,100 சதுர அடியில் சின்ன வீடு. என் கணவர் வீடு முழுக்க வெள்ளையும் சாம்பலும் அடிக்க வேண்டும், அதுதான் இப்போதைய ஸ்டைல், வீடும் பெரிதாகத் தெரியும் என்கிறார். எனக்கு அது ஆஸ்பத்திரி மாதிரி தோன்றுகிறது. நான் பள்ளி ஆசிரியை, எனக்குப் பச்சை, மாம்பழ மஞ்சள் எல்லாம் பிடிக்கும். சண்டையே வந்துவிட்டது.

பதில்: டீச்சர், இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் சரி. வெளிர் நிறம் சின்ன அறையைப் பெரிதாகக் காட்டும் என்பது உண்மை. ஆனால் சாம்பல் நிறத்தைக் கடையில் அட்டையில் பார்ப்பது வேறு, ஜூன் மாதம் நாள் முழுக்க மேகம் மூடி மழை பெய்யும்போது உங்கள் ஹாலில் பார்ப்பது வேறு. அந்த வெளிச்சமே சாம்பல், சுவரும் சாம்பல் என்றால் மத்தியானமே விளக்கைப் போடத் தோன்றும். வெளியே தென்னையும் வாழையும் நின்றால் அந்தப் பச்சை ஜன்னல் வழியாக வந்து சுவரில் விழும், வெள்ளைச் சுவர் அதை அழகாக ஏந்திக்கொள்ளும், சாம்பல் சுவரில் அது பாசி பிடித்த மாதிரி தெரியும்.

ஆளுக்கு இரண்டு நிறம் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் சின்ன டப்பா வாங்கி, எந்த அறையோ அந்த அறைச் சுவரிலேயே மூன்றடிக்கு மூன்றடி அடித்து வையுங்கள். காலை ஏழு மணி, மதியம், இரவு விளக்கில் என்று மூன்று நேரமும் ஒரு வாரம் பாருங்கள், அந்த வாரத்துக்குள் சண்டை தானாகத் தீரும் என்று நம்புகிறேன். இன்னொன்று, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொல்வதற்குப் பாதிக் காரணம் பெயின்ட் அல்ல, பல்பு. நம் ஊரில் பெரும்பாலும் 6,500 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்) வெள்ளை பல்பைத்தான் வாங்கி மாட்டுகிறோம். ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் 3,000 கெல்வின் என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்கிப் பாருங்கள், அதே வெள்ளைச் சுவர் இளமஞ்சளாக இதமாகத் தெரியும். படிப்பு மேசைக்கும் அடுக்களைக்கும் 4,000. பிறகும் நிறம் வேண்டுமென்றால் கதவு, ஜன்னல் சட்டம், அலமாரியின் உள்பக்கம் இங்கெல்லாம் உங்கள் பச்சையை அடியுங்கள். அலமாரிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் மாம்பழ மஞ்சள் தெரிந்தால் காலை அவசரத்திலும் மனதுக்கு நன்றாக இருக்கும். என் தங்கை வீட்டில் அப்படித்தான்.

கேள்வி: எங்கள் ஊர் தக்கலை. பத்மநாபபுரம் அரண்மனையைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன். புது வீட்டில் அதே மாதிரி கறுப்புத் தரையும் மரக்கூரையும் வைக்க ஆசை. செய்ய முடியுமா?

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனது நிறைந்துவிட்டது. 1795ல் திருவிதாங்கூரின் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும் அந்த அரண்மனை நம் ஊரில் அப்படியே நிற்கிறது, அதைப் பார்க்க வருகிறவர்களைப் பார்க்கிறோம், நம் வீட்டுக்கு அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம் என்று யோசிப்பவர்கள் குறைவு. அந்தத் தரை சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்பார்கள். இன்றைக்கு அதையே செய்கிறேன் என்று யாராவது பெரிய தொகை கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள். கறுப்பு ஆக்சைடு கலந்த சிமென்ட் தரை போடலாம், நம் தாத்தா வீடுகளில் சிவப்பில் இருந்ததே அதுதான். அதற்குக் கை பழகிய பழைய கொத்தனார் வேண்டும், மட்டப்பலகையை அழுத்தித் தேய்க்கிற தேய்ப்பில்தான் மினுமினுப்பு வரும், ஒரு வாரமாவது தண்ணீர் கட்டி வைக்க வேண்டும், பெரிய அறையைப் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டால்தான் வெடிப்பு வராது. நல்ல ஆள் கிடைத்தால் ஓர் அறையில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

ஆனால் அதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த முறை போகும்போது (திங்கள்கிழமை விடுமுறை) பூமுகத்தில் (முகப்பு மண்டபத்தில்) நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே மரத்தில் 90 பூக்கள், ஒன்று போல் இன்னொன்று கிடையாது. கீழே தரையில் ஒரு கோடுகூட இல்லை. சுவரிலும் ஒன்றும் பெரிதாக இல்லை. வேலைப்பாடு எல்லாம் ஒரே இடத்தில், மற்றதெல்லாம் அமைதியாக. நாமோ தரையில் பூ டைல்ஸ், சுவரில் டிசைன், சீலிங்கில் டிசைன், திரைச்சீலையில் டிசைன் என்று போட்டுவிட்டு எதையுமே பார்க்க முடியாமல் இருக்கிறோம். அப்புறம் ராஜாவின் ஆலோசனை மண்டபமான மந்திரசாலைக்கு ஏறிப் போய், ஜன்னலில் சாய்வாக அடுக்கிய மரப்பட்டைகளான மர அழிகளைப் பாருங்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே கண் கூசாத வெளிச்சமும் காற்றும் வருவது அந்த அழிகளின் சாய்வினால்தான். உங்கள் வீட்டில் மேற்குப் பக்க ஜன்னலுக்கு மட்டும் அயினி மரத்தில் அப்படிச் சாய்வான அழி செய்து போடச் சொல்லுங்கள். சாயங்காலம் நாலு மணிக்குத் தரையில் கோடு கோடாக வெயில் விழும். கூரை முழுக்க மரம் போடுவதற்கு ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, அரண்மனையும் வீட்டுக்கு வந்துவிடும்.

கேள்வி: பால் காய்ச்சுக்கு 11 சுவர்க்கடிகாரம், ஏழு சாமி படம், நாலு கண்ணாடிக் குதிரை வந்திருக்கிறது. மாட்டாவிட்டால் கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

பதில்: கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வருஷம் கழித்து யாருக்கும் தான் கொடுத்தது நினைவிருக்காது. ஒரு கடிகாரத்தை மாட்டுங்கள், ஒன்றை அடுக்களைக்கு வையுங்கள், மற்றதை அங்கன்வாடிக்கும் ஊர் நூலகத்துக்கும் கேட்டுக் கொடுங்கள். சாமி படத்தில் மனதுக்கு நெருங்கிய ஒன்று பூஜை இடத்தில் இருந்தால் போதும், மற்றவற்றை விரும்பிக் கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். கண்ணாடிக் குதிரை பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான்.

கேள்வி: நான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், தனியாகத்தான் இருக்கிறேன். பென்ஷன் பணத்தில் முளகுமூடு பக்கம் இரண்டு அறை வீடு கட்டியிருக்கிறேன். விலை கூடிய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அம்மா திண்டு வைத்து லேஸ் பின்னுவார். அவர் பின்னியதில் ஆறு துண்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது, ஒன்று பாதியில் நிற்கிறது, நூலெல்லாம் தொங்குகிறது. இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா அக்கா?

பதில்: விலை கூடிய பொருள் எதுவும் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனில் இருந்த மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் லேஸ் பின்னலைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார், அதிலிருந்து இந்த ஊரில் எத்தனையோ பெண்கள் கையில் கூலிக்காசு பார்த்தார்கள். கட்டைகளைச் சடசடவென்று கைமாற்றிப் பின்னுகிற அந்தச் சத்தத்தை என் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

டப்பாவிலிருந்து இன்றைக்கே வெளியே எடுங்கள், தகரத்தின் துரு நூலில் ஏறினால் போகாது. மென்மையான சோப்புக் கரைத்த தண்ணீரில் ஊற வைத்து, கசக்காமல் எடுத்து, வெள்ளைத் துண்டின் மேல் பரப்பி நிழலில் காய விடுங்கள். ப்ளீச் வேண்டாம், பழுப்பு நிறம் இருந்தால் இருக்கட்டும். கருநீலத்திலோ அடர்பச்சையிலோ நன்றாகத் துவைத்த பருத்தித் துணி எடுத்து அதன் மேல் லேஸை வைத்து ஓரத்தில் அங்கங்கே மெல்லிய தையல் மட்டும் போடுங்கள். பசை போடவே கூடாது. சட்டம் போடுகிறவரிடம் கண்ணாடி லேஸைத் தொடாமல் இடையில் பட்டை கொடுக்கச் சொல்லுங்கள், பின்பக்கம் நாலு மூலையிலும் சின்னக் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் காற்று போகும். மழை அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், வெயில் நேராக விழுகிற இடமும் வேண்டாம். நம் வீடுகளில் படத்தை நிலைக்கு மேலே அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் மாட்டுவது வழக்கம். இதை அப்படி மாட்டாமல் நீங்கள் சாயங்காலம் சாயா குடிக்க உட்காருகிற நாற்காலிக்கு எதிரே, உட்கார்ந்தால் கண் போகிற உயரத்தில் மாட்டுங்கள்.

ஆறையும் வேண்டாம், மூன்று போதும். இரண்டை மேசை விரிப்பாகப் போட்டுப் புழங்குங்கள். பாதியில் நிற்கிற துண்டு அந்த மூன்றில் கட்டாயம் இருக்கட்டும், சட்டத்தில் நடுவே அதுதான் வர வேண்டும். அதற்குக் கொஞ்சம் நீளமான சட்டமாகச் சொல்லிச் செய்யுங்கள், நூல் கீழே இறங்கித் தொங்க இடம் வேண்டும். சட்டம் போடுகிறவர் பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று கத்தரி எடுப்பார், அவரை வெட்ட விடாதீர்கள்.